காய்க்கின்ற வேலி

தோட்டம் என்றவுடன் கிணறும் வாய்க்காலும் ஆள் உதவியும் வேண்டுமே என்று அஞ்சி, கொல்லைப்புறத்தைக் கட்டாந்தரையாகவே விட்டுவைத்திருக்கும் குடும்பங்கள் நம்மிடையே பல உண்டு. அத்தகையோருக்கு ஏற்ற ஒரு செடியைப் பற்றிச் சொல்லலாம் என்றே இதனை எழுதத் தொடங்கினேன். எழுத அமர்ந்தபோது செடியின் கதையோடு என் வீட்டுக் கதையும் சேர்ந்தே வந்தது. இரண்டையும் பிரித்தெடுக்க முயன்று பார்த்தேன், இயலவில்லை. வாசகர்கள் பொறுத்தருள்க.

அந்தச் செடியின் பெயர் களா. திண்டுக்கல், மதுரைப் பக்கங்களில் கிலாக்காய் என்பார்கள். ஆடி மாதத்தில் சந்தைக்குச் சென்றால், வெண்மையும் இளஞ்சிவப்பும் கலந்த சிறு காய்களைச் சாக்கில் பரப்பிக் கூறுகட்டி விற்பதைக் காணலாம். கிள்ளினால் பால் வடியும். கடித்தால் பல் கூசும். முற்றப் பழுத்தால் கருநாவல் நிறம் கொண்டு, புளிப்போடு இனிப்பும் சேரும். சேர மன்னருள் ஒருவர் களங்காய்க்கண்ணி நார்முடிச் சேரல் எனப் பெயர் பெற்றார். பதிற்றுப்பத்தின் நான்காம் பத்து அவரைப் பாடியது. மன்னன் தலையில் கண்ணியாக ஏறிய அதே காய்தான், இன்று சர்க்கரைப் பாகில் ஊறி, சிவப்புச் சாயம் ஏறி, செர்ரி என்னும் பொய்ப் பெயரோடு கேக்கின் மேல் அமர்ந்திருக்கிறது. நம் பிள்ளைகள் அதை வெளிநாட்டுப் பழம் என்று எண்ணி முதலில் எடுத்துத் தின்கிறார்கள்!

நான் களா வைத்தது பழத்தின் மீது கொண்ட ஆசையினால் அன்று, கோபத்தினால்.

2009ஆம் ஆண்டு எங்கள் தந்தையாரின் மனையை நானும் என் தம்பியும் பாகம் பிரித்துக்கொண்டோம். என் வீட்டு வாசல் கீழத்தெருவில். தம்பியின் வீட்டு வாசல் மேலத்தெருவில். இரண்டு கொல்லைகளும் முதுகோடு முதுகு சேர்ந்தவை. கிணறு யார் பக்கம் என்பதில் தொடங்கிய பேச்சு, பேசக்கூடாதவற்றையெல்லாம் பேசிய பின்னரே ஓய்ந்தது. அதன் பிறகு உறவினர் வீட்டுத் திருமணங்களில் ஒரே பந்தியில் அமர்ந்தோம். ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்ததில்லை. போதாக்குறைக்குத் தம்பியின் ஆடுகள் வந்து என் கத்தரிச் செடிகளை மேய்ந்துவிட்டுப் போயின. முள்கம்பி வாங்கி எல்லையை அடைத்துவிடுவது என்று முடிவு செய்தேன்.

எங்கள் அன்னை அப்போது ஆறு மாதம் என் வீட்டிலும் ஆறு மாதம் தம்பி வீட்டிலுமாக இருந்து வந்தார்கள். கம்பிக்கு விலை விசாரித்து வந்த என்னிடம், "அடைக்கிறது என்று ஆகிவிட்டது. காய்க்கிற வேலியாகவாவது வையடா" என்றார்கள். அன்னையின் சொல்லைவிடக் கம்பியின் விலையே என்னை இணங்கச் செய்தது என்பதை மறைப்பானேன்?

களாவை விதையிலிருந்து வளர்ப்பதே எளிது. போத்து நட்டால் வேர் பிடிப்பது அரிது. மழைக்காலத்தில் பதியன் போடலாம் என்றாலும் அதற்குப் பொறுமை வேண்டும். விதையை உலர்த்திச் சேமித்து வைத்தால் முளைக்கும் திறன் விரைவில் போய்விடும். ஆகவே நன்கு கறுத்த பழங்களாக ஒரு கிலோ வாங்கி, பிசைந்து, விதைகளைச் சாம்பலில் புரட்டிக் கழுவி, அன்றைக்கே பாலிதீன் பைகளில் ஊன்றினேன். செம்மண், மணல், மக்கிய எரு மூன்றும் சமமாகக் கலந்த மண். கன்றுகள் மிக மெதுவாக வளர்ந்தன. ஓராண்டு கழித்தும் ஒரு முழ உயரமே இருந்தன. 2010ஆம் ஆண்டு ஐப்பசி மழையில், தொண்ணூறு அடி எல்லை நெடுகிலும், இரண்டரை அடிக்கு ஒன்றாக முப்பத்தாறு கன்றுகளை நட்டேன். வேலியாக அன்றித் தனிச்செடியாக வளர்க்க விரும்புவோர் ஆறு அடிக்கு மேல் இடம் விடுவது நன்று.

முதற்கோடையில் வாரத்திற்கு இருமுறை, கன்று ஒன்றுக்கு ஒரு செம்பு தண்ணீர். இரண்டாம் ஆண்டில் பத்து நாளைக்கு ஒருமுறை. மூன்றாம் ஆண்டில் நான் அதை மறந்தே போனேன்; அதுவும் என்னைத் தேடவில்லை. சரளையோ செம்மண்ணோ, எந்த மண்ணும் அதற்குச் சம்மதம். தண்ணீர் தேங்கி நிற்பதை மட்டும் பொறுக்காது. 2016இல் வடகிழக்குப் பருவமழை பொய்த்து, அடுத்த கோடையில் எங்கள் தெருவில் இரண்டு தென்னைகள் தலை சாய்ந்தன. களா இலையைக்கூட உதிர்க்கவில்லை.

முள்ளைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். இணை இணையாக, ஓர் அங்குலத்திற்கும் மேல் நீண்டு, ஊசி போலிருக்கும். நடைபாதையின் ஓரத்திலும், சிறு குழந்தைகள் ஓடியாடும் இடத்திலும் இதை வைக்கவேண்டாம். மற்றொன்று: களாவும் அரளியும் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை. இரண்டிலும் பால் உண்டு. அரளி நஞ்சு, களாக்கனி உணவு. இரண்டையும் அருகருகே வைத்துவிட்டுப் பிள்ளைகளைப் பறித்துத் தின்னச் சொல்லுதல் அறிவுடைமை ஆகாது.

2013ஆம் ஆண்டு மாசியில் முதன்முறை பூத்தது. மல்லிகையை ஒத்த வெண்பூக்கள். மாலையில் கொல்லைப்புறம் முழுவதும் மணம் நிறைந்திருக்கும். ஆடியில் காய்கள் நிறம் மாறத் தொடங்கியபோதுதான் ஒன்றைக் கவனித்தேன். வேலிக்கு இரண்டு பக்கம் உண்டு என்பதை நடும்போது நான் நினைக்கவில்லை. மேற்கு வெயில் படும் தம்பியின் பக்கத்திலேயே காய்கள் மிகுதியாகத் தொங்கின. அவன் பிள்ளைகள் இருவரும் கொக்கிக் கம்பால் கிளைகளை வளைத்துக்கொண்டிருந்தனர். என்னைக் கண்டதும் பெரியவன் கம்பை மறைத்தான். சிறுமி மட்டும், "பெரியப்பா, முள் குத்திவிட்டது" என்று வேலிக்கு அப்பால் விரலை நீட்டிக் காட்டினாள். நடுவில் நான் வைத்த முள். நின்ற இடத்திலிருந்து ஒன்றும் செய்ய முடியாமல் பார்த்துக்கொண்டு நின்றேன்.

காய்களைப் பறிப்பது அன்னையின் வேலை ஆயிற்று. கையில் நல்லெண்ணெய் தடவிக்கொண்டால் பால் ஒட்டாது. காயைக் கீறி, விதை நீக்கி, உப்பும் மஞ்சளும் பிசறி மூன்று நாள் வெயிலில் வைத்து, நல்லெண்ணெயில் கடுகு, வெந்தயப்பொடி, மிளகாய்ப்பொடியோடு கிளறி எடுத்தால் ஊறுகாய். புளிக்குப் பதிலாகப் பருப்புக் குழம்பிலும் இடலாம். அரைப்பழமாக எடுத்து வேகவைத்து, வடிகட்டிய சாற்றில் சம அளவு சர்க்கரை சேர்த்துக் காய்ச்சினால், தானே உறைந்து ஜெல்லியாகும். உறையச் செய்யும் பெக்டின் அதில் இயற்கையாகவே நிரம்ப உண்டு. வேகும்போது பாத்திரத்தின் ஓரத்தில் பிசின் ஒட்டினால் எண்ணெய் தொட்டுத் துடைத்தால் போய்விடும். இல்லத்தரசியர் பலர் இந்தப் பிசினுக்கு அஞ்சியே களாவைத் தொடுவதில்லை.

2014ஆம் ஆண்டு ஆவணியில் ஒரு நண்பகல். அந்த ஆறு மாதம் அன்னை என்னுடன் இருந்தார்கள். கீழத்தெரு முனையில், எழுபத்தாறு வயதில், இடுப்பில் ஊறுகாய் ஜாடியோடு வெயிலில் நின்று மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார்கள். வேலி வைப்பதற்கு முன் கொல்லை வழியாகத் தம்பி வீட்டிற்கு இருபது தப்படி. வேலி வந்த பின் தெருவைச் சுற்றிக்கொண்டு அரைக் கிலோமீட்டர். நான் கன்று நட்ட நாளிலேயே, "இரண்டு கன்று நடுகிற இடத்தை விட்டு வையடா, நான் போய்வர" என்று கேட்டிருந்தார்கள். ஆடு நுழையும் என்று மறுத்துவிட்டேன். நான்கு ஆண்டுகள் அவர்கள் அதை இரண்டாம் முறை கேட்கவில்லை. ஜாடியை வாங்கிக்கொள்ளப் போனேன். "நீ கொண்டுபோக மாட்டாய், விடு" என்றார்கள். அது உண்மையாதலால் பதில் பேசாமல் நின்றேன்.

மறுநாள் அரிவாளெடுத்து நடுவில் இரண்டு செடிகளை வெட்டினேன். கையெல்லாம் கிழிந்தது. தம்பி தன் கொல்லையில் நின்று பார்த்தான், ஒன்றும் சொல்லவில்லை. சிறிது நேரத்தில் ஒரு கோணிச்சாக்கைக் கொண்டுவந்து, "முள்ளை இதில் போடுங்கண்ணே" என்றான். ஐந்து ஆண்டுகளில் அவன் என்னிடம் பேசிய முதற்சொல் அது. கிணற்றைப் பற்றி அன்றும் பேசவில்லை, இன்றும் பேசவில்லை. அது அவன் பக்கம். என் மனம் இன்னும் அதை ஒப்பவில்லை என்பதே உண்மை.

வெட்டினால் களா சாவதில்லை. அடிக்கட்டையிலிருந்து முன்னிலும் அடர்த்தியாகத் துளிர்க்கும். வேலியாக வைப்போருக்கு இது நற்செய்தி: பறிப்பு முடிந்த கையோடு கிளைகளைக் கழித்துவிட்டால், புதுத்தளிர்களில் அடுத்த ஆண்டு நன்றாகக் காய்க்கும். வழியாக வைத்திருப்போருக்கோ இது ஓயாத வேலை. ஓராண்டு விட்டால் வழி மூடிக்கொள்ளும். வேரோடு தோண்டி எடுத்தால் தொல்லை இராது என்று பலர் சொன்னார்கள். தோண்டினால் இருபுறத்துச் செடிகளின் வேரும் அறுபடுமே என்று நான் விட்டுவிட்டேன்.

அன்னை 2019இல் காலமானார்கள். அந்த வழியாக நடக்க இப்போது எவருக்கும் அவசியமில்லை. பிள்ளைகளும் வெளியூரில் படிக்கிறார்கள். ஆயினும் ஆவணி பிறந்ததும் என் பக்கத்துத் துளிர்களை நான் வெட்டுகிறேன். மறுநாள் காலையில் பார்த்தால் அந்தப் பக்கமும் வெட்டப்பட்டு, முட்கள் கோணிச்சாக்கில் கட்டிவைக்கப்பட்டிருக்கும்.