பக்கக் கண்ணாடியின் உறை

காரின் பக்கக் கண்ணாடிக்குப் பின்புறம் ஒரு பிளாஸ்டிக் உறை உண்டு. பார்வைக்கும் அதற்கும் தொடர்பில்லை. உறை போனாலும் பின்னால் வருவனவற்றைக் கண்ணாடி காட்டிக்கொண்டுதான் இருக்கும். மழைநீரும் தூசியும் உள்ளே புகும், அவ்வளவே. எனினும் குறுகிய தெருக்களில் முதலில் அடிபடுவது அதுவே.

நம் தந்தையார் 2009இல் வாங்கிய சிவப்புக் காரின் வலப்புற உறையைச் சென்ற மாதம் ஒரு சரக்கு ஆட்டோ உரசிப் பெயர்த்துவிட்டது. தந்தையார் மறைந்து நான்காண்டுகள் ஆகின்றன. அவர் நாள்தோறும் தம் கையால் துடைத்துவைத்த வண்டி. “அப்பா வச்சிருந்த மாதிரியே இருக்கணும்” என்றார் அம்மா.

மாற்றுவது கடினமன்று. நம் வண்டியில், கண்ணாடியின் உள்விளிம்பை அழுத்தினால் வெளிவிளிம்பு மேலெழும். அந்த இடைவெளியில் விரல் நுழைத்து மெல்ல இழுக்க, கண்ணாடி பிடிவிட்டு வரும். உள்ளே தெரியும் கிளிப்புகளில் புதிய உறையைப் பொருத்தி அழுத்தினால் ‘டக்’கென்று அமர்ந்துகொள்ளும்.

சிக்கல் நிறத்தில் இருந்தது. புதிய உறை வண்ணம் பூசப்படாமல் கறுப்பாகவே வந்தது. வண்டிக்குரிய வண்ண எண்ணைப் பார்த்துப் பூசினால் 2009ஆம் ஆண்டின் சிவப்பு கிடைக்கும். வண்டியோ இத்தனை ஆண்டு வெயிலில் வெளிறியிருக்கிறது. சென்னைப் புதுப்பேட்டையில், பிரித்தெடுத்த பழைய வண்டியொன்றின் சிவப்பு உறை கிடைத்தது. அது வேறு யார் வீட்டு வாசலிலோ நின்று வேறு விதமாக வெளுத்திருந்தது.

உ.வே.சாமிநாதையர் 1894இல் பதிப்பித்த புறநானூறு நினைவுக்கு வந்தது. சிதைந்த பாடல்களில் கிடைக்காத சொற்களின் இடத்தில் புள்ளிகளே நிற்கின்றன. 267, 268ஆம் பாடல்கள் கிடைக்கவேயில்லை. பொருத்தமான சொல்லொன்றை நாமே இட்டு நிரப்பினால் என்ன என்று வகுப்பில் ஆண்டுதோறும் யாரேனும் கேட்பர். நிரப்பலாம், ஆனால் பிறகு படிப்பவருக்குப் புலவர் சொல் எது, நம் சொல் எது என்று தெரியாமற் போகும் என்போம். வேறு ஏட்டில் கிடைத்தாலும் அது இந்தப் பாடலுக்குரியதுதானா என்று பார்க்க வேண்டும்.

ஆகவே கறுப்பு உறையை அப்படியே பொருத்திவிட்டோம். தந்தையார் துடைத்த சிவப்பு எது, பின்னால் வந்தது எது என்பது இப்போது எவருக்கும் தெரியும்.

அம்மா உடன்படவில்லை. தீபாவளிக்குள் வண்ணம் பூசியாக வேண்டும் என்கிறார்.