அந்தத் தவில் யாருடையது?

சங்கரன்கோவிலில் கல்யாண வீடு என்றால் முந்தின நாள் சாயங்காலமே ரேடியோ செட்டுக்காரர் வந்துவிடுவார். 1970ஐ ஒட்டிய வருஷங்கள் அவை. இரண்டு குழாய், ஒரு ஆம்ப்ளிஃபையர், ஒரு தகரப் பெட்டி. குழாய்களை வேப்பமரத்தில் ஒன்றும் மொட்டைமாடியில் ஒன்றுமாகக் கட்டுவதற்குக் கூட வந்த பையனை ஏவுவார். தகரப் பெட்டியை மட்டும் யார் கையிலும் கொடுக்க மாட்டார். தானே தூக்கி வந்து, வெயில் எட்டாத மூலையாகப் பார்த்து வைப்பார். உள்ளே இருந்தவை அரக்கு கலந்து செய்த இசைத்தட்டுகள். கீழே விழுந்தால் சில்லுச் சில்லாகிவிடும், வெயில் பட்டால் வளைந்துவிடும்.

மறுநாள் விடியக்காலம் நாலு மணிக்கு முதல் தட்டு காருகுறிச்சி அருணாசலம். எந்த வீட்டுக் கல்யாணமானாலும் இதில் மாற்றம் கிடையாது. தெருவில் இன்னும் இருட்டு இருக்கும். அடுக்களையில் விறகு பிடிக்காமல் புகையும். அந்தப் புகைக்கு மேலே நாகசுரம் ஏறிப் போகும். பத்து அங்குலத் தட்டில் ஒரு பக்கம் மூன்று நிமிஷத்துக்குச் சற்று மேல் ஓடும், அவ்வளவுதான். கோவில் வாசலில் நின்று ஒரு ராகத்தை மணிக்கணக்கில் வாசிக்கிற மனுஷன், ஊசி ஓடி முடிவதற்குள் அதைச் சொல்லி முடித்தாக வேண்டும். எதை விடுவது, எதை வைத்துக்கொள்வது என்று அவர் எடுத்த முடிவுகள் ஒவ்வொன்றையும் இன்றும் என்னால் மனசுக்குள் ஓட்டிக் கேட்க முடிகிறது. அந்த அவசரம் வாசிப்பில் ஓர் இடத்திலும் தெரியாது.

நான் பெட்டிக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பேன். ஒரு தட்டில், ராகம் முடிந்து பாட்டு தொடங்குகிற இடத்தில் தவில் உள்ளே வரும். அந்த வரவு ஒன்றுக்காகவே காத்திருப்பேன். ஒருநாள் தட்டு நின்றதும் குனிந்து லேபிளைப் படித்தேன். காருகுறிச்சியின் பெயர் இருந்தது, ராகத்தின் பெயர் இருந்தது. தவில்காரர் பெயர் இல்லை.

“அண்ணாச்சி, தவிலு ஆரு?”

“அதெல்லாம் போட மாட்டான்டே. கையைக் கேட்டா யாழ்ப்பாணம் தெட்சிணாமூர்த்தி மாதிரி இருக்கு.” கொஞ்சம் யோசித்துவிட்டு, “ஆனா தட்டு பழசுல்லா. அவர் அப்ப வந்திருக்க மாட்டாரோ என்னமோ” என்றார் செட்டுக்காரர்.

அந்த ஒரு சந்தேகம் என் கூடவே வளர்ந்தது. யாழ்ப்பாணம் தெட்சிணாமூர்த்தி 1933இல் பிறந்து 1975இல் மறைந்தவர். ஈழத்திலிருந்து வந்து காருகுறிச்சிக்கு வாசித்தவர். தட்டு எந்த வருஷம் பதிவானது என்று தெரிந்தால் அவரா இல்லையா என்பதில் பாதி விளங்கிவிடும். வருஷத்தைக் கண்டுபிடிக்க வழியும் உண்டு. லேபிளைச் சுற்றியுள்ள வழவழப்பான இடத்தில், அரக்கிலேயே சிறியதாகப் பதிந்து ஓர் எண் இருக்கும். பதிவுக்கூடத்தில் அந்தப் பக்கத்துக்கென்று கொடுத்த எண் அது. கம்பெனி ஏடுகளோடு ஒத்துப் பார்த்தால் தேதியை நெருங்கலாம். இது எனக்குத் தெரிய வந்தபோது நான் வேலைக்காக ஊரை விட்டுப் போய்ப் பத்து வருஷம் ஆகியிருந்தது.

அமெரிக்க ஜாஸ் இசைத்தட்டுகளை இப்படித் தேடியவர்களைப் பற்றிப் பிறகு படித்தேன். 1936இல் பாரிஸில் சார்ல்ஸ் தெலோனே ‘ஹாட் டிஸ்கோகிராஃபி’ என்று ஒரு புத்தகம் கொண்டுவந்தார். எந்தத் தட்டில் யார் யார் எந்த வாத்தியம் வாசித்தார்கள் என்பதுதான் புத்தகம் முழுக்க. அந்த வழியில் வந்தவர்களின் உழைப்பால், 1925 நவம்பர் 12 அன்று சிகாகோவில் லூயி ஆம்ஸ்ட்ராங்கின் ‘ஹாட் ஃபைவ்’ குழு முதல்முறையாகப் பதிவுக்கு உட்கார்ந்தபோது பாஞ்சோ வாசித்தவர் ஜானி செயின்ட் சைர் என்று உலகத்தில் யாரும் சொல்லிவிடலாம். பாஞ்சோ அங்கே பக்கவாத்தியம். அதற்கு எத்தனையோ வருஷம் கழித்து, எங்களுக்கு ஒரு பஸ் தூரத்தில் வாழ்ந்த வித்துவானுக்குத் தவில் வாசித்தவர் பெயரை என்னால் சொல்ல முடியவில்லை. தவிலுக்கே இந்த நிலை என்றால், மூச்சு விடாமல் ஒத்து ஊதியவரையும் தாளம் போட்டவரையும் யார் எழுதி வைத்திருப்பார்கள்?

காருகுறிச்சி அருணாசலம் 1921இல் பிறந்தார். திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளையிடம் சீடராக இருந்தார். பின்னால் கோவில்பட்டியில் வீடு அமைத்துக்கொண்டார். எங்கள் ஊரிலிருந்து கழுகுமலை வழியாகப் போனால் கோவில்பட்டி. 1962இல் வந்த ‘கொஞ்சும் சலங்கை’யில் எஸ். ஜானகியின் குரலோடு அவர் வாசித்த ஆபேரியைத் தமிழ்நாடு முழுவதும் கேட்டது. அதற்கு இரண்டே வருஷத்தில், 1964இல் போய்விட்டார். நான் அவரை நேரில் கேட்டதில்லை. எங்கள் தெருப் பெரியவர்கள் கேட்டிருந்தார்கள். ஆடித்தபசுக் கூட்டத்தில் கோமதியம்மனுக்குச் சங்கரநாராயணர் காட்சி கொடுக்கும்போது சம்சாரிகள் பருத்தியையும் வத்தலையும் வீசுவார்களே, அந்த இரைச்சலுக்குள்ளும் காருகுறிச்சி நாயனம் என்றால் தனியாகப் பிரிந்து கேட்கும் என்று அவர்கள் சொல்லிக் கேட்டு வளர்ந்தவன் நான்.

அதே தகரப் பெட்டியில் செங்கோட்டை எஸ்.ஜி. கிட்டப்பாவும் இருந்தார். செங்கோட்டை எங்கள் ரயில் பாதையில் தென்காசிக்கு அடுத்தது. 1933இல் இறந்தபோது கிட்டப்பாவுக்கு வயது இருபத்தேழு. சினிமாவில் அவர் நடிக்கவே இல்லை. அந்தக் குரல் நமக்குத் தங்கியது தட்டுகளால் மட்டும்தான். அண்ணாச்சி கிட்டப்பா தட்டைக் கல்யாணக் கூட்டத்துக்குப் போட மாட்டார். சாப்பாட்டுப் பந்தியெல்லாம் முடிந்து, குழாயை நிறுத்திவிட்டு, எங்கள் நாலைந்து பேருக்காகச் சன்னமாக வைப்பார். அதற்கு மட்டும் புது ஊசி மாற்றுவார்.

அண்ணாச்சி இறந்து சில மாதம் கழித்து விடுமுறையில் ஊருக்கு வந்தேன். வீட்டைக் காலி செய்தபோது பெட்டியைப் பழைய இரும்புக்கு எடைபோட்டு விட்டதாகச் சொன்னார்கள். தகரத்துக்குத்தான் விலை. தட்டுகளை என்ன செய்தார்கள் என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. வாசல் திண்ணையில் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்துவிட்டுத் திரும்பிவிட்டேன்.

அதற்குப் பிறகு தேடிக்கொண்டேதான் இருக்கிறேன். 1985இல் எரிந்துபோவதற்கு முன் சென்னை மூர் மார்க்கெட்டின் பழைய தட்டுக் கடைகளில் முழங்கால் வலிக்கக் குந்தியிருந்து புரட்டியிருக்கிறேன். காருகுறிச்சி கிடைத்தார், வேறு தட்டுகளில். இந்த வேலையில் நான் தனியாள் இல்லை என்பது பெரிய ஆறுதல். மும்பையில் 1990இல் தொடங்கிய இந்திய இசைத்தட்டுச் சேகரிப்பாளர் சங்கம் இருக்கிறது. நாகசுரக்காரர்களும் தவில்காரர்களும் வாழ்ந்த வாழ்க்கையைத் தேடித் தொகுத்து பி.எம். சுந்தரம் ‘மங்கல இசை மன்னர்கள்’ எழுதினார். லலிதாராம் காருகுறிச்சியின் தடத்திலேயே போய் ஒரு புத்தகம் எழுதியிருக்கிறார். இவர்களை வாசிக்கும்போதெல்லாம் அண்ணாச்சிக்கு இவற்றைக் காட்ட முடியவில்லையே என்றிருக்கும்.

தவிலுக்காக நான் காத்திருந்த அந்த வாசிப்பு இப்போது என் செல்போனிலேயே கிடைக்கிறது. யாரோ ஒரு புண்ணியவான் தட்டிலிருந்து எடுத்து ஏற்றியிருக்கிறார். தவில் உள்ளே வருகிற இடம் அப்படியே இருக்கிறது. லேபிளின் படம் இல்லை, அரக்கில் பதிந்த எண் இல்லை. கேட்டு முடித்ததும் பழைய கேள்விக்கே வந்து நிற்கிறேன்.

திருநெல்வேலி, தென்காசி, தூத்துக்குடி பக்கம் ரேடியோ செட் வைத்திருந்தவர்களின் பிள்ளைகள், பேரப்பிள்ளைகள் இதைப் படித்தால் ஓர் உதவி. பரணில் அப்படியொரு பெட்டி இருந்தால் எடை போடுவதற்கு முன் ஒருமுறை திறந்து பாருங்கள். லேபிளைப் படம் எடுங்கள். அதைச் சுற்றிப் பதிந்திருக்கும் சின்ன எண்ணை, வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்து, ஒரு தாளில் எழுதி வையுங்கள். தவில் யார் என்று உங்கள் தாத்தா எப்போதாவது சொல்லியிருந்தால், தயவுசெய்து அந்தப் பெயரையும் அதற்குக் கீழே எழுதுங்கள்.