உறைபனியும் அஞ்சற்பெட்டியும்

ஆண்டை ஆறு பருவங்களாகப் பகுத்த நம் முன்னோர், அவற்றுள் இரண்டிற்குப் பனியின் பெயரையே சூட்டினர். முன்பனி, பின்பனி என்றனர். ஆயினும் அவர்கள் பெரிதும் அறிந்த பனி, புல்லின் நுனியில் தங்கிக் கதிரவன் எழுந்ததும் மறைந்துவிடும் நீர்த்துளியே. காலை வாரிவிடும் பனியும் உலகில் உண்டு என்பதை, மாற்றல் ஆணை நம்மைச் சிம்லாவுக்குக் கொண்டு வந்து சேர்த்த பின்னரே நாம் உணர்ந்தோம்.

கைப்பேசி வந்துவிட்ட இக்காலத்தில் அஞ்சற்பெட்டியை நாடுவானேன் என்று சிலர் வினவலாம். குரல் காற்றோடு போய்விடும். கடிதமோ தலையணைக்கு அடியில் தங்கும். ஊரில் இருக்கும் முதியோர்க்கு இவ்வேறுபாடு பெரிது. தைப் பொங்கல் வாழ்த்து உரிய நாளில் ஊர் சேர வேண்டுமாயின், மார்கழியிலேயே அதனை அஞ்சலில் சேர்த்தாக வேண்டும். பாதைகள் உறையத் தொடங்குவதும் அம்மார்கழியிலேதான்!

சிம்லா கடல் மட்டத்திற்கு மேல் ஏறத்தாழ 2,200 மீட்டர் உயரத்தில் உள்ளது. இங்கு மலையின் தென்சரிவில் வெயில் காயும்போது, வடசரிவு நிழலில் விறைத்துக் கிடக்கும். லக்கர் பஜாரை ஒட்டி 1920இல் அமைந்த பனிச்சறுக்குத் திடலில், இயந்திரம் இன்றி இயற்கைக் குளிராலேயே நீரை உறைய வைத்தனர். சறுக்கி ஆடுவோர்க்கு வரமான அதே குளிரும் நிழலும், கடிதத்தோடு நடப்போர்க்குக் கண்ணியாகின்றன.

புதிதாய்ப் பெய்த பனி அத்துணைக் கொடியதன்று. மிதித்தால் அமிழ்ந்து காலுக்கு இடங்கொடுக்கும். பலர் மிதித்து இறுகி, பகலில் சற்றே உருகி, இரவில் மீண்டும் உறைந்த பனியே கண்ணாடி போலாகிறது. எனவே விடியற்காலை நடை வேண்டா. வெயில் ஏறிய நண்பகலே ஏற்ற வேளை. அலுவலகம் செல்வோர் உணவு இடைவேளையில் கடிதத்தைச் சேர்த்துவிடலாம்.

நடக்கும் முறையும் உண்டு. அடிகள் குறுகியனவாக இருத்தல் வேண்டும். பாதம் முழுதும் ஒருசேரத் தரையில் பதிய வேண்டும். உடலின் பாரம் முன்காலின்மேல் நிற்க வேண்டும். குளிருக்கு அஞ்சிக் கைகளைச் சட்டைப்பையில் புதைத்தல் ஆகாது. தடுமாறும்போது நிலைநிறுத்துவன அவையே. காலணியின்மேல் பழைய கம்பளிக் காலுறையை மாட்டிக்கொள்வது நகைப்புக்குரியதாகத் தோன்றலாம். ஆனால் அவ்வாறு மாட்டினால் வழுக்குதல் குறைகிறது என நியூசிலாந்தின் ஒடாகோ பல்கலைக்கழக ஆய்வாளர் கண்டறிந்து, 2010இல் இக் நோபல் பரிசும் பெற்றனர். முதலில் நகைக்கவும் பின்னர்ச் சிந்திக்கவும் வைக்கும் ஆய்வுகளுக்கே அப்பரிசு வழங்கப்படுகிறது.

வாயிற்படியில் உப்புத் தூவினால் பனி உருகும். மணலோ சாம்பலோ தூவினால் காலுக்குப் பிடிப்புக் கிட்டும். வெந்நீரை மட்டும் ஊற்றலாகாது. சிறிது நேரத்தில் அதுவே புதிய பனிக்கட்டியாகிவிடும்.

இவற்றையெல்லாம் விரித்துரைக்கக் காரணம் உண்டு. நம் அலுவலக நண்பர் ஒருவரின் தாயார், பேரனைக் காணக் கும்பகோணத்திலிருந்து வந்திருந்தார். ஒரு காலைப்பொழுதில், இளைய மகளுக்கு எழுதிய கடிதத்தை எடுத்துக்கொண்டு தனியே புறப்பட்டார். வாயிலிலிருந்து பத்தடி போவதற்குள் விழுந்தார், இடுப்பெலும்பு முறிந்தது. அறுவை மருத்துவம் நடந்தது. இன்றளவும் அவர் துணையின்றி நடப்பதில்லை. "ஏனம்மா தனியே போனீர்கள்?" என்று நாம் வினவியபோது, "எல்லாரும் அவசரத்தில் இருந்தீர்கள். ஒரு கடிதத்துக்காக யாரைத் தொந்தரவு செய்வது?" என்றார்.

அவ்விடை நம்மைச் சுட்டது. பிள்ளைகளின் பொருட்டு மொழி அறியாத ஊருக்கு வந்து தங்கும் முதியோர், தம் தேவைகளை வாய்விட்டுக் கூறத் தயங்குகின்றனர். அவர்கள் கேட்கட்டும் என்று நாம் காத்திருத்தல் தகாது. இப்போது நம் குடியிருப்பில் குளிர்காலம் முழுதும், அலுவலகம் புறப்படும் இளைஞர் ஒருவர் வீடுதோறும் கதவைத் தட்டி, "பாட்டி, கடிதம் ஏதும் உண்டா?" என்று கேட்டு வாங்கிச் செல்கிறார். வெயில் ஏறியபின், நடக்க விரும்பும் முதியோரை ஒருவர் கைகொடுத்து அழைத்துச் செல்கிறார். உப்பும் மணலும் கைத்தடியும் வேண்டுவனவே. அவற்றினும் முன்னதாக வேண்டுவது, கேளாமலே நீளும் கை.