நாடியும் ஓட்டமும்

குடும்பக் கணக்கு எழுதுவோர் வரவை மட்டும் குறித்துச் செலவை விட்டுவிடுவரோ? விடமாட்டார்கள். ஆனால் தேகப்பயிற்சி செய்வோருள் பலர் அப்படித்தான் கணக்கு வைக்கிறார்கள். இத்தனை நிமிடத்தில் இத்தனை தூரம் ஓடினேன் என்பது வரவு. அதற்காக இதயம் எத்தனை முறை துடித்தது என்பது செலவு. இரண்டையும் சேர்த்துப் பார்த்தால்தான் உடல் தேறுகிறதா என்பது விளங்கும்.

என் தந்தையார் 58-ஆம் வயதில் மாரடைப்பால் மறைந்தார். எனக்கு இப்பொழுது 57. சென்ற ஆண்டு மருத்துவர் என்னை நன்கு சோதித்தபின், "ஓடலாம் சுவாமி, ஆனால் நாடியைக் கேட்டுக்கொண்டு ஓடுங்கள்" என்றார். அன்று முதல் வாரம் ஒருமுறை, அதிகாலையில், 400 மீட்டர் ஓடுபாதையை ஐந்து சுற்று வருகிறேன். துடிப்பு நிமிடத்திற்கு 120-ஐத் தாண்டாதவாறு வேகத்தை அடக்கிக்கொள்கிறேன். தொடக்கத்தில் அந்த 2 கிலோமீட்டருக்கு 20 நிமிடம் ஆயிற்று. அதாவது 2,400 துடிப்பு. ஆறு திங்கள் கழிந்தபின் அதே துடிப்பில் 18 நிமிடம் போதுமானதாயிற்று; 2,160 துடிப்பு. ஒரே தூரத்திற்கு 240 துடிப்பு மிச்சம்!

இதன் காரணம் எளிது. இடைவிடாத பயிற்சியால் இதயம் ஒவ்வொரு துடிப்பிலும் முன்னிலும் அதிக இரத்தத்தை வெளியேற்றுகிறது. தசைகளும் உயிர்வளியை நன்கு பயன்படுத்தக் கற்றுக்கொள்கின்றன. வளர்ந்தோர்க்கு ஓய்வு நேரத் துடிப்பு பொதுவாக 60 முதல் 100 வரை. தேர்ந்த நெடுந்தூர ஓட்டக்காரர்க்கோ அது 40-ஐ ஒட்டியும் இருப்பதுண்டு.

உச்சத் துடிப்பை அறிய, 220-இலிருந்து வயதைக் கழிப்பது பழைய வழக்கம். அதன்படி எனக்கு 163. 2001-இல் தனாகா முதலிய ஆய்வாளர்கள் வெளியிட்ட கணக்கின்படி, வயதை 0.7-ஆல் பெருக்கி 208-இலிருந்து கழிக்க, 168 வருகிறது. இரண்டும் சராசரியே, ஆளுக்கு ஆள் பத்துக்கு மேலும் மாறலாம். ஆகவே எண்ணை மட்டும் நம்பாமல், ஓடும்போது ஒரு வாக்கியத்தைத் தடையின்றிப் பேச இயல்கிறதா என்றும் பாருங்கள்.

வெயில், நீர்க்குறைவு, உறக்கமின்மை, காய்ச்சல் ஆகியவை துடிப்பை உயர்த்தும். எனவே ஒரே பாதையில், ஒரே வேளையில் எடுத்த அளவுகளையே ஒப்பிட வேண்டும். விழித்தவுடன் படுக்கையிலேயே மணிக்கட்டில் விரல் வைத்து 30 விநாடி எண்ணி, இரண்டால் பெருக்குங்கள். வழக்கத்தினும் பத்து மிகுந்திருந்தால் அன்று ஓய்வு கொள்வதே அறிவுடைமை. இரத்த அழுத்தத்திற்கான சில மருந்துகள் துடிப்பைக் குறைத்துக் காட்டும். அவற்றை உட்கொள்வோர் மருத்துவரைக் கேட்டே அளவு குறிக்க வேண்டும். நெஞ்சுவலியோ மயக்கமோ தோன்றினால் உடனே நிறுத்தி மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.

அன்பான பெற்றோரே, பால்கணக்கு எழுதும் நோட்டில் ஒரு பக்கத்தை இதற்கென ஒதுக்குங்கள். தேதி, நிமிடம், துடிப்பு ஆகிய மூன்றே பத்திகள் போதும். பிறரை முந்த வேண்டியதில்லை. சென்ற திங்கள் நாம் இருந்த நிலையினும் இதயத்தின் சுமை சற்றே குறைந்தால், அதுவே ஆதாயம்.