ஓய்வு யாருக்கு?

ஓய்வு என்கிறோமே, அது ஆளுக்கு ஆள் பொருள் மாறும் சொல். விடுமுறைக்கென்று ஒரு தீவுக்குப் போய்ப் பார்த்தால் இது நன்றாக விளங்கும்.

எங்கள் சேலம் அம்மாபேட்டை தறிக்காரர்களின் ஊர். கடலுக்கு வெகு தூரம். ஆகவே மே மாதம் பிறந்தால் ராமேசுவரத்துக்குப் புறப்பட்டுவிடுவோம். கோயிலுக்குள் 22 தீர்த்தங்கள், அக்கினி தீர்த்தத்தில் ஒரு முழுக்கு, 1964 டிசம்பர்ப் புயலில் அழிந்த தனுஷ்கோடியில் ஒரு புகைப்படம், சங்குக் கடையில் ஒரு பேரம். எங்களுக்கு அதுவே ஓய்வு.

தீவுக்காரர்களுக்கு? மீன் பெருகட்டும் என்று ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள், விசைப்படகுகள் கடலுக்குப் போகக் கூடாதென்பது அரசு விதி. படகுகள் வரிசையாக நின்ற காட்சி அழகாகத்தான் இருந்தது. கரையில் வலையைச் சரிபார்த்துக்கொண்டிருந்த பெரியவர் சிரித்தார்.

"நீங்க லீவுல வந்திருக்கீங்க. எங்களுக்கும் லீவுதான் தம்பி. சம்பளமில்லாத லீவு!"

அரசாங்கம் நிவாரணத் தொகை கொடுக்கிறது, உண்மை. ஆனால் வலையில் விழும் மீனுக்கு அது ஈடாகுமா?

எனக்கு எங்கள் தெருவின் நினைவு வந்தது. ஐப்பசி அடைமழையில் குழித்தறியில் ஈரம் ஊறினால் நெசவாளி திண்ணையில் சும்மா உட்கார்ந்திருப்பார். அதை யாரும் ஓய்வென்று சொல்ல மாட்டார்கள். ஆடியில் மாரியம்மன் பண்டிகைக்குத் தாமே தறியை நிறுத்தி, பெண்டு பிள்ளைகளோடு வண்டி வேடிக்கை பார்க்கக் கிளம்புவாரே, அதுதான் ஓய்வு.

வேலையை நாம் நிறுத்தினால் அது ஓய்வு. வேலை நம்மை நிறுத்தினால், அதற்குப் பெயர் கவலை.