தோல் இருக்கையில் பட்ட கறை

தோட்டத்தில் கார் என்றால் ஒரு காலத்தில் துரைக்கும் பெரிய கிராணிக்கும்தான். இன்று நம் பிள்ளைகள் பழைய காராவது ஒன்று வாங்கி வாசலில் நிறுத்தியிருக்கிறார்கள். அதில் தோல் இருக்கையும் இருந்துவிட்டால் வீட்டாருக்குத் தனிப் பெருமைதான். பின்னால் உட்கார்ந்த குழந்தை குழம்புப் பொட்டலத்தைக் கவிழ்க்கும் வரையில்!

வாசக அன்பர்களே, நான் துவாஸில் கார்களைக் கழுவித் துடைக்கும் பட்டறை ஒன்றில் வேலை செய்கிறேன். 1998-இல் இரண்டாவது பாலம் திறந்த பிறகு, ஜொகூர்ப் பக்கத்து நம்மவர்கள் பலர் விடியுமுன்பே மோட்டார் சைக்கிளில் துவாஸ் சோதனைச் சாவடியைக் கடந்து வேலைக்குப் போய் வருகிறார்கள். நானும் அந்தக் கூட்டத்தில் ஒருவன். கறையோடு மல்லுக்கட்டுவதே என் பிழைப்பு என்பதால் நான்கு வார்த்தை சொல்கிறேன், கேளுங்கள்.

வட ஆற்காட்டிலிருந்து வந்த பெரியவர்கள் இருந்தால், ஆம்பூர், வாணியம்பாடிப் பக்கம் தோல் பதனிடும் கதையைச் சொல்லியிருப்பார்கள். ஆவாரம் பட்டையில் ஊறிய அந்தத் தோல் வேறு, கார் இருக்கைத் தோல் வேறு. இதைப் பெரும்பாலும் குரோமிய உப்பில் பதனிட்டு, மேலே சாயம் ஏற்றி, அதற்கும் மேலே பாலியூரித்தேன் என்னும் மெல்லிய பூச்சு கொடுத்துவிடுகிறார்கள். ஆகவே கறை முதலில் படிவது தோலில் அல்ல, பூச்சின் மேல்தான். தின்னர், பெட்ரோல், நகப்பூச்சு அழிக்கும் திரவம், குளோரக்ஸ் இவற்றைப் போட்டுத் தேய்த்தால் கறையோடு பூச்சும் சாயமும் சேர்ந்து வந்துவிடும். அப்புறம் எந்த சோப்பாலும் அதைத் திருப்பிக் கொண்டுவர முடியாது.

மஞ்சள் கறைக்கு ஒரு வேடிக்கைக் குணம் உண்டு. சோப்பு பட்டதும் சிவந்துவிடும். நம் பெண்களுக்கு இது புதிதல்ல. மஞ்சளில் சுண்ணாம்பு சேர்ந்தால் குங்கும நிறம் வருவதும் இதே கதைதான். கறை பெரிதாகிவிட்டது என்று பயந்து பலர் இன்னும் அழுத்தித் தேய்க்கிறார்கள். வேண்டாம். ஈரத் துணியால் சோப்பைத் துடைத்து எடுத்தால் பழையபடி மஞ்சளாகும். மிச்சம் இருப்பதை வெளிச்சம் பார்த்துக்கொள்ளும். ஓரிரு நாள் காலை வெயில் படும்படி காரை நிறுத்துங்கள், மங்கிவிடும். உச்சி வெயிலில் போட்டுத் தோலை வறுத்துவிடாதீர்கள்.

எண்ணெய் சிந்தினால் ஒற்றி எடுத்துவிட்டு முகப்பவுடரைத் தூவி ஒரு இரவு விடலாம். ரப்பர்ப் பால் ஈரமாக இருந்தால் தண்ணீரிலேயே போகும். காய்ந்துவிட்டால் விரலால் மெல்ல உருட்டி எடுங்கள். மற்றபடி எல்லாவற்றுக்கும் ஒரே வழிதான். வெதுவெதுப்பான நீரில் மென்மையான சோப்பு கொஞ்சம், அதன் நுரை மட்டும், மிருதுவான பிரஷ், பிறகு ஈரத்துணி, பிறகு உலர்ந்த துணி. எதையும் முதலில் இருக்கையின் அடிப்பக்கத்தில் தொட்டுப் பாருங்கள். தண்ணீரை ஊற்றாதீர்கள். உள்ளே பஞ்சும் சில கார்களில் மின்கம்பிகளும் இருக்கின்றன. பளபளப்புக்கென்று தேங்காய் எண்ணெய் தடவுகிறவர்களும் இருக்கிறார்கள்! தலைக்குத் தடவுவதை இருக்கைக்குத் தடவினால் தூசிதான் வந்து ஒட்டும்.

பேனா மைதான் பொல்லாதது. பட்ட உடனே துடைத்தால் உண்டு. நாள்பட்டதை அனுபவசாலியிடம் விட்டுவிடுங்கள்.

சென்ற ஆண்டு வேறொரு பட்டறையில் நம் தோட்டத்துப் பையன் ஒருவன், பத்தொன்பது வயதிருக்கும், இந்த மையை எடுக்கத்தான் தின்னர் போட்டான். "சீக்கிரம், சீக்கிரம்" என்று முதலாளி விரட்டிக்கொண்டிருந்தாராம். மை போனது, இருக்கையில் இருபது காசு அளவுக்கு வெளுத்தும் போனது. தோலுக்கு மறுபடி சாயம் ஏற்றும் செலவு முழுவதையும் அவன் சம்பளத்தில் பிடிப்பதாக முதலாளி சொல்லிவிட்டார். வீட்டுக்கு அனுப்ப என்ன மிஞ்சும் என்று அவன் சாலையோரம் உட்கார்ந்து கணக்குப் போட்டதைப் பார்த்தேன். மனசு கேட்கவில்லை.

சிங்கப்பூரில் வேலை செய்யும் பிள்ளைகளைப் பெற்றவர்கள் இதையும் தெரிந்து வைத்திருங்கள். பொருள் சேதத்துக்காகச் சம்பளத்தில் பிடிப்பதென்றால், சேதத்துக்குத் தொழிலாளியே நேரடிக் காரணமாக இருக்க வேண்டும். அவன் பக்க விளக்கத்தையும் முதலில் கேட்க வேண்டும். அப்போதும் ஒரு மாதச் சம்பளத்தில் 25 விழுக்காட்டுக்கு மேல் பிடிக்கக் கூடாது. அதுவும் ஒரே தடவைதான். மாதா மாதம் அல்ல. வேலை நியமனச் சட்டம் அப்படிச் சொல்கிறது. மனிதவள அமைச்சின் அந்தப் பக்கத்தைக் கைத்தொலைபேசியில் எடுத்து அவனிடம் கொடுத்தேன். முதலாளி முகத்தைச் சுளித்துக்கொண்டாலும் கால் பங்கோடு நிறுத்திக்கொண்டார்.

2016 ஏப்ரல் முதல் அங்கே விவரமான சம்பளச் சீட்டு கொடுத்தாக வேண்டும். பிடித்த தொகையும் காரணமும் அதில் இருக்கிறதா என்று பிள்ளையைக் கேளுங்கள். சீட்டைக் கசக்கி எறியாமல் வைத்திருக்கச் சொல்லுங்கள். கையுறை இல்லாமல் தின்னரைத் தொட வேண்டாம் என்றும் சொல்லுங்கள். அந்தப் பையனின் விரல் நுனியெல்லாம் தோல் உரிந்திருந்தது.