ராட்செட் அண்ட் பால்... பசும்பால் இல்லீங்க!

'ராட்செட் அண்ட் பால்'னு சொன்னதும் உங்களுக்கு டீக்கடை ஞாபகம் வந்தா, நீங்க ஆர்ட்ஸ் காலேஜ். எட்டு மார்க் கொஸ்டீன் ஞாபகம் வந்தா, நம்ம மெக்கானிக்கல் பயபுள்ள! படம் வரைஞ்சு, பாகம் குறிச்சு, அந்த எட்டு மார்க்கையும் அள்ளினவன் நான். அப்படிப்பட்ட நானே நிஜ 'பால்' ஒண்ணைக் கையில வெச்சுக்கிட்டு, 'என்னடா துண்டு இது?'ன்னு முழிச்ச கதையைக் கேளுங்க.

செமஸ்டர் லீவுக்கு பேராவூரணி பக்கம் மாமா வீட்டுக்குப் போயிருந்தேன். மாமாவுக்கு மரம் அறுக்கிற தொழில். அவர் வெச்சிருக்கிற செயின் சா என்னைவிட வயசுல மூத்தது. 2018 நவம்பர் 16-ம் தேதி கஜா புயல் அடிச்சு, எங்க பக்கத்து தென்னந்தோப்பெல்லாம் பாய் விரிச்ச மாதிரி சாஞ்சு கிடந்தப்போ, ரோட்டை மறிச்ச மரங்களை ராத்திரி பகலா அறுத்துத் தள்ளுனது அந்த மெஷின்தான். ஒரே இழுப்பு... ட்ர்ர்ர்ர்! ஸ்கூல் பையனா வேடிக்கை பார்த்த எனக்கு மாமாதான் ஹீரோ.

இந்தத் தடவை போனா, மாட்டுக்கொட்டகை மூலையில சாக்கு மூடிக் கிடக்கு மெஷின். "இழுக்கத் தெம்பில்ல மாப்ள. தோள்பட்டை போச்சு. பழைய இரும்புக்குப் போட்டுடலாம்னு இருக்கேன்"னார் மாமா. சொல்லிட்டு என் முகத்தைப் பார்க்காம மாட்டுக்குத் தண்ணி காட்டப் போயிட்டார்.

அவர் சொல்றதிலயும் நியாயம் இருக்கு பாஸ். இந்த இன்ஜினுக்கு பேட்டரி கிடையாது. கயிறை இழுத்தா ஃப்ளைவீல் சுத்தும். அதுல இருக்கிற காந்தம் காயிலை வேகமா கடந்து போனாத்தான் ப்ளக்கில் பொறி. இழுப்பு மெதுவா இருந்தா பொறியே வராது. அதனால மெஷின் கிளம்பலைன்னதும் தன் கையைத்தான் குறை சொல்லிக்கிட்டார்.

சும்மா நானும் இழுத்துப் பார்த்தேன். ஜிம் பாடியாச்சே! கயிறு எதையும் பிடிக்காம 'சர்ர்'னு வந்து, முழங்கை தூண்ல போய் 'டங்'! அடுத்த இழுப்பு பிடிச்சுது. அதுக்கடுத்தது திரும்பவும் வழுக்கல். கைப்பிடி வேற உள்ளே போகாம, வெயில்ல அலைஞ்ச நாய் நாக்கு மாதிரி தொங்குது. கையில தெம்பு இல்லைன்னா எல்லா இழுப்பும்தானே மெதுவா இருக்கணும்? சிலது மட்டும் ஏன் வழுக்கணும்?

ப்ளக் ஒயரைக் கழட்டிட்டு (இதை மறந்துடாதீங்க!), ஸ்டார்ட்டர் மூடியைத் திறந்தேன். உள்ளே மரத்தூளும் ஆயிலும் சேர்ந்து அல்வா கிண்டி வெச்சிருக்கு. கயிறு சுத்துற கப்பியில ஒரு குட்டி இரும்புத் துண்டு. அதைத்தான் நான் அஞ்சு நிமிஷம் முறைச்சுப் பார்த்தேன்! இழுக்கும்போது அது வெளியே வந்து இன்ஜின் பக்கத்துப் பல்லைக் கவ்வணும். பிசின்ல ஒட்டிக்கிட்டு வெளியவே வரலை. கவ்வுற முனையும் தேஞ்சு மழுங்கிக் கிடந்துச்சு.

அடுத்து என் அவசரம். ஸ்பிரிங்கோட முறுக்கை மெதுவா விடுவிச்சுட்டுத்தான் கப்பியைக் கழட்டணும். நான் நேரா நெம்பினேன். டேப் மாதிரி சுருண்டிருந்த ஸ்பிரிங் மொத்தமும் பாம்பா சீறி, மூக்குக்கண்ணாடியில 'சடார்'! கண்ணாடி போடாதவங்களுக்கும் சொல்றேன், இந்த வேலைக்கு ஏதாவது ஒண்ணைப் போட்டுக்குங்க.

ஸ்பிரிங்கோட உள்முனைக் கொக்கியும் ஒடிஞ்சிருந்துச்சு. அப்படியே வளைச்சா மறுபடி 'படக்'குனு ஒடியும். அதனால அத்தையோட கேஸ் அடுப்புல முனையை மட்டும் சிவக்கக் காய்ச்சி, ஆறவிட்டு வளைச்சேன். மெட்டலர்ஜி வாத்தியார் பார்த்திருந்தா கண் கலங்கியிருப்பார்! துண்டோட முனையை அரத்தால சீவி, பெட்ரோல்ல கழுவி, ஒரே சொட்டு ஆயில். கிரீஸ் வெச்சா தூள் மறுபடி ஒட்டும். மாமா கட்டியிருந்த கொடிக்கயிறைக் கடாசிட்டு, மல்லிப்பட்டினத்துல போட் சாமான் கடையில நைலான் கயிறு வாங்கி, முனையைத் தீயில உருக்கிக் கட்டினேன்.

முறுக்கு ஏத்துறதுலதான் சூட்சுமம். கம்மியானா கைப்பிடி தொங்கும். அதிகமானா ஸ்பிரிங் அறுந்துடும். கயிறை முழுசா இழுத்த பிறகும் கப்பியைக் கையால அரைச் சுத்தாவது சுத்த முடிஞ்சா சரி. முதல் தடவை ஸ்பிரிங்கைத் தலைகீழாச் சுத்தி மாட்டினதை மாமாகிட்ட சொல்லலை... நீங்களும் சொல்லிடாதீங்க!

புது பெட்ரோலும் ஆயிலும் கலந்து ஊத்தினோம். மாமா மெஷினைத் தரையில வெச்சு, பின்பிடியை மிதிச்சுக்கிட்டார். பல் கவ்வுற வரைக்கும் மெதுவா, அப்புறம் வெடுக்குனு ஓர் இழுப்பு. ம்ஹூம். ரெண்டாவதுக்கு இருமுச்சு. மூணாவதுக்கு... ட்ர்ர்ர்ர்! கொட்டகையே புகை. மாமா ஒண்ணும் பேசலை. ஆஃப் பண்ணிட்டு மறுபடி இழுத்தார். மறுபடி ஆஃப், மறுபடி இழுப்பு. "பெட்ரோல் என்ன ஓசியிலயா வருது?"ன்னு அத்தை உள்ளேயிருந்து சத்தம் போடுற வரைக்கும் நிறுத்தலை.

தோள்பட்டையும் கொஞ்சம் போயிருக்குதான். ராத்திரி தைலம் தேய்ச்சுவிட்டேன். தூங்கிட்டார்னு நினைச்சு எழுந்தப்போ, கண்ணைத் திறக்காமலே சொன்னார்: "நாளைக்குப் புளியமரம் ஒண்ணு இருக்கு மாப்ள. கூட வா... கயிறை நீ இழு."